இருபத்திரண்டாவது அட்டை

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பது அவருடைய வழக்கம். பால் பாக்கெட்டாக இருந்தால் ஓரத்து மடிப்பை விரலால் நீவுவார். பற்பசைக் குழாயாக இருந்தால் வாலைப் பார்ப்பார். அங்கேதான் எண்களை அழுத்திப் பதித்திருப்பார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் தேதி ஒட்டுக்குள் ஒளிந்திருந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு உரசும் தூரத்தில் வைத்து, உதடு அசைய வாசிப்பார். வாசித்து முடித்ததும் கட்டைவிரலால் அந்த எண்ணை ஒரு தேய்ப்பு. ஒருமுறை புதுச் செருப்பைக்கூட அப்படித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர், "அதுல தேதி இருக்காது சார், உங்க கால்லதான் இருக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

மருந்து மொத்த விநியோகம் செய்யும் ஒரு கிடங்கில் குளிர் அறைக்கு அவர் பொறுப்பு. தடுப்பூசி, இன்சுலின், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எல்லாம் அங்கேதான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சீக்கிரம் காலாவதியாவது முன்வரிசைக்கு வர வேண்டும், நாள் இருப்பது பின்னால் போக வேண்டும். ஒரே ஒரு நாள் தாண்டிவிட்டாலும் சிவப்புக் கூடைதான். வார இறுதியில் கூடையில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டு, எதிரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுவார்; பிறகு அது எரிக்கப் போகும். கிடங்கில் அவருக்குப் பெயரே 'தேதி' என்றாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையே நிஜப் பெயரென்று நம்பி 'தேதி சார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

பதினேழு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அந்தக் கையெழுத்து பொய் சொன்னது.

அப்போதெல்லாம் உடைந்து வரும் சரக்கைப் படம் எடுத்து அனுப்புவதற்குக் கிடங்கில் கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கி வைத்திருந்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு மேசை இழுப்பறையில் ஐந்து சுருள்கள் தேடுவாரற்றுக் கிடந்தன. ஒரு நாள் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். போன மாதத்தோடு நாள் முடிந்திருந்தது. சிவப்புக் கூடையில் போட்டார், பட்டியலில் ஏற்றினார், அழிக்கப்பட்டது, கையெழுத்து. சாயங்காலம் கிளம்பும்போது அந்த ஐந்தும் அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தன. ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டில் ஒரு பழைய கேமரா இருந்தது, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, மனைவியை நன்றாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து சுருளையும் காற்றுப் புகாத பையில் போட்டு, பையைப் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை டேப் ஒட்டி பிரீசரில் வைத்தார். குளிரில் பிலிம் மெதுவாகத்தான் கெடும் என்பது அவருக்குத் தெரியும், மருந்து மாதிரிதான். டின் வந்ததிலிருந்து ஐஸ் தட்டுக்கு இடமில்லை. "வீட்டுல எனக்கு மின்விசிறிதான். இந்த அஞ்சு பேருக்கு மட்டும் ஏசி ரூம்" என்று மனைவி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்றார் அவர். சந்தர்ப்பங்கள் வந்தன. புது வீடு மாறினார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மனைவி, அந்தப் பிரிவுக்குத் தலைமை நர்ஸானாள். அவளுடைய தங்கை, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, இவர்களோடு வந்து தங்கினாள். ஒவ்வொரு முறையும் அவர் டின்னை இறக்குவார், ஜன்னலைப் பார்ப்பார், வெளிச்சம் போதவில்லை என்பார், திரும்ப உள்ளே வைப்பார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் மனைவிக்கு அந்த வேலை உத்தரவு வந்தது. கடல் கடந்து, முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு வருட வேலை. ஓர் ஏஜென்சி வழியாக அவளே விண்ணப்பித்தது, அவரும் சரி என்றதுதான். ஆனாலும் காகிதத்தில் புறப்படும் தேதியைப் பார்த்தபோது அவர் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் தேய்த்தது. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. பதினோரு நாள்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவி சொன்னாள், "என்னங்க, அந்த அஞ்சுல ஒண்ணை எனக்காக எடுங்க. நான் கிளம்பறதுக்குள்ள ஒரே ஒரு படம்."

போனில் எடுத்துவிடலாமே என்று அவர் இழுத்தார்.

"போன்ல ஆயிரம் இருக்கு. எல்லாம் இவ எடுத்தது" என்று தங்கையைக் காட்டினாள். "நீங்க என்னைப் பார்த்து எடுத்ததுன்னு ஒண்ணு என்கிட்ட இருக்கணும். அங்க போய் வச்சுக்க."

கேட்பது என்னவோ ஒரு படம்தான். ஆனால் அவள் அதுவரை அவரிடம் இப்படி எதையும் எண்ணிக்கை போட்டுக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிலிமுக்கு வயதானால் வெளிச்சத்தை உள்வாங்கும் வேகம் குறையும். பத்து வருடம் தாண்டினால் இரண்டு மடங்கு வெளிச்சம் கொடு என்பது பொதுக் கணக்கு. குளிரில் இருந்ததற்குத் தள்ளுபடி உண்டு. எவ்வளவு தள்ளுபடி என்பதை மட்டும் யாரும் பெட்டி மேல் அச்சடித்து வைக்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. எந்தப் பொருளிலும் ஓர் எண்ணைப் பார்த்தே பழகிய மனிதர். எண் இல்லாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். பேருந்தில் நின்றுகொண்டே கணக்குப் போட்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். குளிர் அறை வெப்பநிலையை ஒரு முறை எழுதிவிட்டு, எழுதியதை மறந்து மறுபடி எழுதினார். கடைசியில், ஒரு சுருளைச் சோதனைக்கு விடுவது என்று முடிவு செய்தார். ஒன்றைக் கொடுத்து நான்கைக் காப்பாற்றலாம்.

பிரீசரிலிருந்து எடுத்த சுருளை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதுபோல் அதுவும் வியர்த்துவிடும். தவிர, குளிரில் விறைத்திருக்கும் பிலிமை இழுத்தால் ஓரத்துத் துளைகள் கிழிந்துபோகும். ஆறு மணி நேரம் மூடியபடியே வெளியில் கிடக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் அவர் நாலு தரம் போய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மாமா, முட்டை குஞ்சு பொரிக்கட்டும், விடுங்க" என்றாள் மச்சினி.

முதல் சுருளைக் கொல்லைப்புறச் சுவரைப் பார்த்தே எடுத்து முடித்தார். சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, அதில் எண் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வோர் அளவு வெளிச்சம். குளியலறை ஜன்னலுக்குப் போர்வை கட்டி, இருட்டாக்கி, அங்கேயே கழுவினார். முப்பத்தாறு சுவர்களும் சாம்பல் திரை போர்த்தியதுபோல் வந்தன. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இரண்டாவது சுருளுக்கு அள்ளிக் கொடுத்தார். அது கரி பூசியதுபோல் வந்தது. சாம்பல் திரைக்கு ஒரு முறையும் வயதுக்கு ஒரு முறையுமாக இரண்டு தரம் கூட்டிவிட்டோம் என்பது கழுவிய பிறகுதான் உறைத்தது.

"சுவர் அழகா இருக்கு மாமா. அக்காவுக்குப் பதிலா இதையே அனுப்பிடலாம்."

அவர் காதில் வாங்கவில்லை. சுவரை வைத்து முகத்தைக் கணக்கிட முடியாது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருந்தது. தோலின் நிறம் வேண்டும். எனவே மூன்றாவது சுருளுக்கு மனைவியே அட்டை பிடிக்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றியபடி வந்து நின்றாள். உடை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, இது சும்மா சோதனைதான், நிஜப் படத்துக்கு நல்லதாக உடுத்திக்கொள், இப்போது அப்படியே நில் என்றார். அட்டைப் பெட்டியைக் கிழித்து முப்பத்தாறு துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து அவளே மார்க்கரில் எண்ணை எழுதி, நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

"ஜெயிலுக்குப் போறவங்களை இப்படித்தான் எடுப்பாங்க" என்றாள் நாலாவது அட்டையில்.

"பேசாத, கன்னம் அசையுது."

பன்னிரண்டில் கொட்டாவி விட்டாள். பதினைந்தில், மண்டியிட்டிருந்தவர் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சமானியைச் சுவருக்குக் கொண்டுபோய், அட்டைக்குக் கொண்டுவந்து, அவள் தாடைக்குக் கீழே பிடித்து, முள் நின்ற இடத்தை நோட்டில் எழுதிவிட்டுப் பின்னால் போய் நின்று அழுத்தினார். இருபத்தொன்று முடிந்தபோது உள்ளே அவளுடைய போன் அடித்தது. ஏஜென்சியிலிருந்து என்று அடுக்களை ஜன்னல் வழியாகத் தங்கை கூப்பிட்டாள். அவள் மார்க்கரையும் மீதி அட்டைகளையும் கையில் பிடித்தபடியே உள்ளே போனாள்.

போய் ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் ஒரு மேகம் வந்து சூரியனின் ஓரத்தைத் தொட்டது. எடுத்த அளவெல்லாம் வீணாகிவிடுமே என்று அவருக்குப் பதைப்பு. சுவரோடு சுவராக மண்டியிட்டு மறுபடி அளந்தார். மேகம் விலகியதும் இன்னொரு தரம் அளந்தார். நிமிர்ந்தபோது அவள் அட்டையோடு வந்து நின்றிருந்தாள்.

"யாரு போன்ல?" என்றார், மறுபடி முள்ளைப் பார்த்தபடி.

"ஏஜென்சி. டிக்கெட் விஷயம்."

"சரி. கொஞ்சம் இடது பக்கம். அட்டையைச் சாய்க்காத."

அவள் சாய்க்கவில்லை. அவர் அழுத்தினார்.

அந்தச் சுருள் காய்ந்ததும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். எண்கள் எடுப்பாகத் தெரிகின்றனவா, கன்னத்தில் அடர்த்தி எப்படி, துண்டின் வெள்ளையில் இழை தெரிகிறதா. நோட்டில் எழுதினார்: '22 சரி.' அடியில் இரண்டு கோடு இழுத்தார். ஒரு முழு நாள் அந்த நிம்மதி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, ஒரு சுருளில் சரியாக வந்தது தற்செயலாகவும் இருக்கலாமே என்ற எண்ணம் முளைத்தது. மச்சினியை நிறுத்தி நாலாவது சுருளையும் காலி செய்தார். அதுவும் அதே எண்ணைத்தான் சொன்னது. இப்போது அந்தப் பிலிமைப் பற்றி உலகத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்தது ஒன்று.

சனிக்கிழமை நிஜப் படம். கடைசிச் சுருளை வெள்ளி ராத்திரியே வெளியில் எடுத்து வைத்திருந்தார். மனைவி பயணத்துக்கென்று வைத்திருந்த நீல உடுப்பை உடுத்திக்கொண்டு, தலைவாரி, ஏழு மணிக்கெல்லாம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வானம் சாக்குத்துணி மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறு என்றார். நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். வாசலுக்குப் போய் மேலே பார்த்தார், கொல்லைக்கு வந்து மேலே பார்த்தார். ஏதோ வாசல் பக்கத்து வானம் வேறு என்பதுபோல. இப்படியே எடுத்துவிடலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இருபத்திரண்டாம் எண் வெயிலுக்கான கணக்கு, மூட்டத்துக்குச் சுருளும் இல்லை, சோதனையும் இல்லை என்றார். பதினொன்றரை மணிக்கு அவள் எழுந்தாள்.

"வெளிச்சம் வந்தா கூப்பிடுங்க. எனக்குப் பெட்டி கட்டணும்."

வெளிச்சம் வரவில்லை. இருட்டும் நேரத்தில், படுக்கப் போகும் முன் கதவைப் பூட்டுவதுபோல் யோசிக்காமல், அவர் ஒரு காரியம் செய்தார். வெளியில் கிடந்தால் கெட்டுவிடும் என்று சுருளைத் திரும்ப பிரீசரில் வைத்தார். பதினேழு வருடக் குளிர் அறைக் கை அது. வெளியே இருப்பதைக் கண்டால் உள்ளே வைக்கும்.

ஞாயிறு இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குக் கார். ஒன்றே முக்காலுக்கு, பெட்டிகள் வாசலுக்குப் போன பிறகு, மேகம் கிழிந்து கொல்லைச் சுவர் முழுக்க வெயில் விழுந்தது. அவர் ஓடினார். பிரீசரைத் திறந்து, விரல் ஒட்டும் குளிரில் இருந்த டப்பாவைத் திறந்து, கேமராவில் மாட்டினார். ஆறு மணி நேரம் எங்கே, ஆறு நிமிடம் இருந்தால் பெரிது. அவள் சுவரோரம் நின்றாள். கையில் அட்டை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் எடுத்தார், பிலிமைத் தள்ளினார், எடுத்தார். தெருவில் கார் ஹாரன் ஒலித்தது. பதினோரு படம்.

பிலிம் நகரும்போது கேமராவின் இடப்பக்கம் ஒரு திருகு கூடவே சுற்றும். அது சுற்றுகிறதா என்று ஒவ்வொரு தள்ளலுக்கும் ஓரக்கண்ணால் பார்ப்பது அவர் வழக்கம். அன்று பார்க்கவில்லை. அன்று அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள்கிழமை சுருளைக் கழுவினார். நீளம் முழுக்க வெறுமை. ஆரம்பத்தில் மட்டும் தீப்பெட்டி முகப்பை விடச் சிறியதாக ஒரு கறுப்புக் கட்டம். அதன் பக்கத்தில் ஓரத் துளைகள் பல்போன சீப்பாகக் கிழிந்திருந்தன. விறைத்த பிலிம் முதல் இழுப்பிலேயே கிழிந்து நின்றுவிட்டது. பதினோரு முகமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்திருந்தன. அவர் வெகுநேரம் குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டை எடுத்து, 'ஐந்தாவது சுருள் – அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்பது வருடம் கழித்து அந்த வார்த்தை உண்மையானது.

மனைவியிடம் மறைக்கவில்லை. போனில் சொன்னார்.

"பதினொண்ணும் ஒண்ணு மேல ஒண்ணா?"

"ஆமா."

"அப்ப நான் ரொம்பக் குண்டா இருப்பேனே" என்றாள். சிரித்தாள்; சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம், அந்த அட்டை பிடித்த படமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அது வெறும் சோதனைதானே என்றார். "அதுலயும் நான்தானே நின்னேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுருளை எடுத்து, முப்பத்தாறையும் சின்னதாக அச்சுப் போட்டு, கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். இந்த முறை எண்களைப் பார்க்கவில்லை. துண்டு சுற்றிய தலையும் தூக்கம் கலையாத கண்ணுமாக ஒன்று. கேலி பேசும் நாலு. கொட்டாவிப் பன்னிரண்டு. தன்னைப் பார்த்துச் சிரிக்கும் பதினைந்து. கால் மாற்றி நிற்கும் இருபது. அப்புறம் இருபத்திரண்டு. அதில் அவள் சிரிக்கவுமில்லை, சலிக்கவுமில்லை. துண்டிலிருந்து நழுவிய ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருக்க, நேராகக் கேமராவைத் தாண்டி அவரைப் பார்த்தாள். அவள் தன்னை அப்படிக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தார். தேதி கிடைக்கவில்லை.

அதைப் பெரிதாக்கி ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார், ஒன்றை அவளுக்கு அனுப்பினார். கிடைத்ததும் அவள், 'இதைத்தான் கேட்டேன்' என்று ஒரு வரி எழுதினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன இருபத்திரண்டு என்று கேட்டார்கள். வெளிச்சத்தின் அளவு என்று விளக்கினார், யாருக்கும் புரியவில்லை. பால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் படத்தையும் ஒரு தரம் பார்ப்பது புது வழக்கமாயிற்று. பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று பிடிபடாமல் நழுவியது. இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே ஐந்தே நிமிடம். அதே சுவர், அதே துண்டு, அதே வெயில். எது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் மச்சினி படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "இது அன்னிக்கு அந்த போன் வந்த பிறகு எடுத்ததுதானே மாமா?" என்றாள். டிக்கெட் விஷயமாகப் பேசினார்களே, அதுதானே என்றார் அவர்.

மச்சினி துணியைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அக்கா சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன் என்றாள்.

ஏஜென்சிப் பெண் கேட்டது வேறு. ஆறு மாதம் கழித்துப் போகிற குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வேண்டுமானால் அதற்கு மாற்றித் தருகிறேன், ஆனால் இப்போதே பதில் வேண்டும் என்றிருக்கிறாள். மாற்றித் தரும்படி வேலை உத்தரவு வந்த அன்றைக்கே ஏஜென்சியிடம் கேட்டு வைத்திருந்தது அக்காதான். போனைக் காதில் வைத்தபடி அவள் அடுக்களை ஜன்னலண்டை போய் நின்றாள். கொல்லையில் அவர் சுவரைப் பார்த்து மண்டியிட்டு, வெளிச்சமானியைச் சுவரில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் அவர் முதுகுதான் இருந்தது. அவர் திரும்பட்டும் என்று காத்திருப்பதுபோல் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பெண் இரண்டு தரம் ஹலோ சொல்லிவிட்டாள்.

"இல்லீங்க, மாத்த வேண்டாம். நான் இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அடுக்களை மேடையிலேயே வைத்து அடுத்த அட்டையில் இருபத்திரண்டு என்று எழுதி எடுத்துக்கொண்டு வெளியே போனாளாம்.